சேமித்த கோப்பு ஏன் காலியாகிறது?

குறிப்பெழுதும் செயலி ஒன்றில் இரண்டு மாதமாக எழுதி வந்தேன். ஒருநாள் காலையில் திறந்தால் எல்லாம் வெற்று. கோப்பு இருந்தது, அதன் அளவுதான் 0 பைட். முந்தைய இரவு, சேமித்துக்கொண்டிருந்தபோதே சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்திருந்தது. ஒரு வரி சேர்க்கப்போய் மொத்தமும் எப்படிப் போகும்?

நாம் தட்டுவதெல்லாம் முதலில் ரேமில்தான் நிற்கிறது. மின்சாரம் நின்றால் அதுவும் போச்சு. அங்கே தலைப்பு ஓரிடம், தேதி ஓரிடம் என்று சிதறிக் கிடப்பதைத் திரட்டி, ஒரே பைட் வரிசையாகக் கோப்பதுதான் முதல் வேலை. பல செயலிகள் இதற்கு ஜேசான் என்ற, தரவை வெறும் எழுத்துகளாக எழுதிவைக்கும் வடிவத்தைக் கையாளுகின்றன. எழுத்துகள் பெரும்பாலும், அவற்றைப் பைட்களாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் பதிவாகும். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடுக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் செயலி அந்த மூன்றுக்கு நடுவில் வெட்டிவிட்டால், அந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோதான் தெரியும்.

இனிதான் ஆபத்தான கட்டம். ஏற்கெனவே உள்ள கோப்பை எழுதுவதற்காகத் திறந்ததும், வழக்கமான முறையில் அதன் நீளம் முதலில் 0 ஆக்கப்படுகிறது. புதிய பைட்கள் அதற்குப் பிறகே போகின்றன. அதுவும் உடனே, மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் மெமரிக்குப் போவதில்லை. இயங்குதளம் அவற்றை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று செயலியிடம் சொல்லிவிடுகிறது. வேகத்துக்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது. அந்த இடைவெளியில் ஃபோன் அணைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எனக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

தீர்வு அழகானது. பழைய கோப்பைத் தொடாமல், பக்கத்திலேயே தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை முழுதாக எழுத வேண்டும். எஃப்சிங்க் என்ற கட்டளையால் அது ஃபிளாஷுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, கடைசியாக அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்ற வேண்டும். பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். பாதி பெயர் மாறிய கோப்பு என்று ஒன்று கிடையாது. எப்போது சார்ஜ் தீர்ந்தாலும், ஒன்று பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே அட்டாமிக்ஃபைல் என்ற வசதி உண்டு. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய எஸ்க்யூலைட் தரவுத்தளம் வேறு வழியில் போகிறது. மாற்றப்போகும் பக்கங்களை, அதாவது தரவுத்தளக் கோப்பின் துண்டுகளை, மாற்றுவதற்கு முன் இருந்தபடியே ஒரு தனிக் கோப்பில் படியெடுத்து வைக்கும். வேலை பாதியில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது அந்தப் படியைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எங்கே சேமிக்கிறோம் என்பதும் முக்கியம். தற்காலிகக் கோப்புகளுக்கான கேஷ் அடைவில் போட்டதை, இடம் குறையும்போது இயங்குதளமே கேட்காமல் அழிக்கலாம்.

திறக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். கோப்பைப் படிக்க முடியவில்லை என்றதும் பல செயலிகள் வெற்றுப் பக்கத்தைக் காட்டுகின்றன. பயனர் அதில் ஒரு சொல் தட்டியதும், சிதைந்த கோப்பின் மேலேயே அது சேமிக்கப்படுகிறது. மீட்க முடிந்திருக்கக்கூடிய பைட்களும் அத்தோடு போய்விடுகின்றன. சிதைந்ததை முதலில் வேறு பெயரில் ஒதுக்கி வைப்பதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும்.