பெயரிலியா, அநாமதேயரா, மர்ம நபரா?

மர்ம நபர் என்றால் யார் என்று காரைக்குடி செக்காலை ரோட்டில் எவரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள்: ஆளில்லாத பெரிய வீட்டில் நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போனவன். அல்லது சங்கிலியை அறுத்தவன். நாளிதழ்கள் ஐம்பது வருடமாக ஊட்டி வளர்த்த பொருள் அது. இந்தச் சொல்லைப் போய், தன்னை மதம் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்க அமைப்பான சயின்டாலஜியை எதிர்த்து 'அனானிமஸ்' என்ற பெயரில் தெருவில் அட்டை பிடித்து நின்றவர்களுக்குச் சூட்டுகிறார்கள். தமிழ்க் காணொலி ஒன்றின் பின்னணிக் குரல், முதலில் 'மர்ம நபர்கள்' என்றது. பிறகு 'அநாமதேயக் கும்பல்' என்றது. கடைசியில் 'ஹேக்கர்கள்' என்று முடித்தது. ஒரே கூட்டத்துக்கு மூன்று பெயர், மூன்றும் கோணல்.

மூலச்சொல் அனானிமஸ். கிரேக்கத்தில் 'அன்' இன்மை, 'ஓனிமா' பெயர். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சொற்பிறப்பு அவ்வளவுதான், அதில் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், இங்கே அது அடைமொழி அல்ல, பெயர். ஃபோர்சான் என்ற, படமும் கருத்தும் இடுகிற இணையதளத்தில் பெயர் போடாமல் எழுதுகிறவர் எவராயினும் 'அனானிமஸ்' என்றே அச்சாகும். ஆயிரம் பேர் எழுதினாலும் அதே பெயர். அதையே அவர்கள் தங்கள் கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். 2008 ஜனவரியில் நடிகர் டாம் குரூஸ் சயின்டாலஜியைப் புகழ்ந்து பேசிய உள்வட்டக் காணொலி கசிந்தது, பதிப்புரிமையைக் காட்டி அமைப்பு அதை நீக்கச் சொன்னது, இவர்கள் கிளம்பிவிட்டார்கள். 'புராஜெக்ட் சேனாலஜி' என்ற எதிர்ப்பியக்கம் அப்படிப் பிறந்தது. தொடக்கத்தில் அமைப்பின் தளங்களை முடக்கினார்கள். அது குற்றம்தான், அதற்காகச் சிலர் அமெரிக்காவில் தண்டனையும் பெற்றார்கள். ஆனால் நீண்ட நாளாகச் சயின்டாலஜியை விமர்சித்து வந்த மார்க் பங்கர் 'சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யுங்கள்' என்று கேட்டுக்கொண்ட பிறகு போக்கு மாறியது. பிப்ரவரி 10 அன்று 90க்கும் மேற்பட்ட நகரங்களில் ஏறக்குறைய 7,000 பேர் வீதிக்கு வந்தார்கள். பலர் முகத்தில், 1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற 'கை ஃபாக்ஸ்' என்பவரின் முகமூடி. அந்த 7,000 பேரையும் ஹேக்கர் என்பது, உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவரை எல்லாம் கல்லெறிந்தவர் என்பது போல.

இனி அநாமதேயர். இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'நாமதேயம்' வடமொழியில் பெயர். அது இல்லாதது அநாமதேயம். பொருத்தம் கச்சிதம் என்பார்கள். ஆனால் சொல் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. தமிழில் இது எதோடு சேர்ந்து வருகிறது? அநாமதேயப் பிணம், அநாமதேயத் தொலைபேசி மிரட்டல். கேட்பாரற்றது, இல்லாவிட்டால் கெட்டது.

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. வட்டிக்கடைக் கணக்கு தெரிந்த வீடுகளில் 'அனாமத்து' என்ற சொல் இன்னும் புழங்குகிறது. இன்ன கணக்கில் சேர்ப்பது என்று முடிவாகாத தொகையை அனாமத்தில் வைப்பார்கள். அது அமானத் என்ற அரபுச் சொல், உருது வழி வந்தது. அடைக்கலமாக வைத்த பொருள் என்பது அதன் கருத்து. அதற்கும் நாமத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 'அனாமத்தாக் கிடக்கு' என்று பேசிப் பழகிய காதுக்கு, அநாமதேயர் என்றதும் உரிமையாளர் இல்லாத சாமான்தான் நினைவுக்கு வரும். 'ஐயா, ரெண்டும் ஒரே சொல்லுதானே?' என்று கல்லூரியில் தமிழ் படிக்கும் என் பேரனே கேட்கிறான். ஒலி மயக்கம் தரும் சொல்லை, அதுவும் இரவல் சொல்லை, எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இன்னொரு தரப்பு மொட்டை என்கிறது. மொட்டைக் கடுதாசி இருக்கிறதே, மக்கள் சொல்லாயிற்றே என்று. நல்ல சொல்தான், கடிதத்துக்கு. கைச்சாத்து இல்லாத தாளை மதிக்காத ஊர் இது. விலாசம் என்றாலே வட்டிக்கடையின் தலைப்பெழுத்துகள் என்று பொருள் கொண்டவர்கள், பெயரை மறைத்தவனைக் கோழை என்றே எண்ணுவார்கள். ஆனால் அனானிமஸ் கூட்டத்தார் பெயரை மறைக்கக் காரணம் இருந்தது. சயின்டாலஜியை விமர்சித்து 1971இல் நூல் எழுதிய பாலெட் கூப்பர் என்ற பெண், தான் அனுப்பாத வெடிகுண்டு மிரட்டல் கடிதங்களுக்காக 1973இல் குற்றம் சாட்டப்பட்டார். அவரைச் சிக்கவைக்க அமைப்பின் ஆட்கள் திட்டமிட்டது, 1977இல் எஃப்.பி.ஐ. நடத்திய சோதனையில் கிடைத்த ஆவணங்களில் வெளிவந்தது. இதைப் படித்தவன் முகமூடி போடாமல் போவானா?

என் சொல் பெயரிலி. '-இலி' வசை விகுதி, அறிவிலி, நன்றியிலி என்றுதான் வரும் என்று மறுப்பார்கள். பிறப்பிலி என்று சிவனைச் சொல்கிறோமே, அது வசையா? கணக்கில் முடிவிலி என்கிறோமே? தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'மறைபெயரர்' என்று ஆக்கித் தந்தார். மறைபெயர் என்றால் வேறொரு பெயருக்குள் ஒளிவது, அதாவது புனைபெயர். இவர்களோ எல்லோரும் ஒரே பெயரில்லாமையைப் பகிர்ந்துகொண்டவர்கள். பெயரிலி என்பது ஒருவரையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும், மூலமும் அப்படித்தான். பொதுவான அடைமொழியாக வரும்போது 'பெயர் சொல்லாத', 'பெயர் தெரியாத' என்று இடம் பார்த்துப் பிரித்தெழுதலாம். மறைத்தவர் வேறு, தெரியாதவர் வேறு. குறுந்தொகைப் புலவர் செம்புலப்பெயனீரார் தம் பெயரை மறைத்தவர் அல்லர், நாம் தொலைத்தவர்.

மொழிபெயர்ப்பவர்கள் இதோடு விட்டார்களா? 'சயின்டாலஜி தேவாலயம்' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் ஏதோ கிறித்தவச் சபை என்று நினைத்துக்கொள்கிறார். 1950களில் எல். ரான் ஹப்பர்ட் தொடங்கிய இதில் ஏசுவை வழிபடுவது இல்லை. 'விஞ்ஞான மதம்' என்பது இதைவிடக் கொடுமை. விஞ்ஞானத்துக்கு யார் பதில் சொல்வது? சயின்டாலஜி அமைப்பு என்று போட்டால் குறைந்தா போய்விடும்? 2008 மே மாதம் லண்டனில் இந்த அமைப்பை 'கல்ட்' (ஆளை மயக்கி அடிமையாக்கும் கூட்டம்) என்று அழைத்த அட்டையைப் பிடித்திருந்த 15 வயதுப் பையனுக்குப் போலீஸ் அழைப்பாணை கொடுத்தது, பிறகு அரசு வழக்குத் துறை வழக்கு இல்லை என்று விட்டது. அந்தச் செய்தியையும் தமிழில் பார்த்தேன். அட்டையில் இருந்ததாக அவர்கள் எழுதியது: 'வழிபாட்டுக் குழு'. அப்படி ஒரு அட்டையைப் பிடித்தால் எந்தப் போலீஸ் வரும்? திருப்புகழ் பாடுகிறவர்கள் வேண்டுமானால் வருவார்கள்.