சிர்கானைக் கோமேதகம் ஆக்காதீர்கள்

"மாப்ள, ராகு கல்லுக்கு 440 கோடி வயசாமே? இனி ஜோசியக்காரன் ரேட்ட ஏத்திருவானே!" என்று மச்சான் போனில் சிரித்தார். நடுவிரலில் கோமேதக மோதிரம் போட்டிருப்பவர் அவர். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தியில் "பூமியின் மிகப் பழமையான பொருள் ஒரு கோமேதகப் பாறை" என்று இருந்ததாம். ஒரு சிறுவர் அறிவியல் நூலின் மொழிபெயர்ப்பிலும் ஒரு டிவி நிகழ்ச்சியின் குரல்பதிவிலும் இதே பிழையை ஏற்கனவே பார்த்துவிட்டேன். மூன்றாம் முறை பொறுக்கவில்லை.

அந்தப் பொருளின் பெயர் சிர்கான். சொல் வந்த வழி நீளமில்லை. பாரசீகத்தில் 'ஸர்' பொன், 'கூன்' நிறம். இந்தப் பொன்னிறம்தான் அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ஜெர்மனில் 'சிர்கோன்' ஆயிற்று என்பார்கள். 1789இல் வேதியியலாளர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து போன சிர்கானை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத தனிமம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். அதுதான் சிர்கோனியம். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று வளையலிலும் தோட்டிலும் பதிக்கிறார்களே, அது சிர்கோனியா, ஆலையில் செய்வது. சிர்கான், சிர்கோனியம், சிர்கோனியா மூன்றும் வேறு வேறு. இதையும் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு, அது தனிக் கதை.

இப்போது கோமேதகத்துக்கு வருவோம். இன்று கடையில் ராகுவுக்கென்று விற்கும் கோமேதகம் கார்னெட் குடும்பத்துக் கல், ஹெஸோனைட். கால்சியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட். சிர்கான் என்பது சிர்கோனியம் சிலிக்கேட். குடும்பமே வேறு. குழப்பம் வந்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டும் இலங்கையின் இரத்தினபுரிச் சரளையில் கிடைப்பவை. தேன் நிறத்திலும் இரண்டும் உண்டு. பழைய ஐரோப்பிய வியாபாரிகளே இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆனால் கல் பார்க்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார். நாகர்கோவிலில் ஒரு நகைக்கடைக்காரர் எனக்கு லென்ஸ் வைத்துக் காட்டினார். பட்டை தீட்டிய சிர்கானை மேலிருந்து பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்பு ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாகத் தெரிகிறது, கண்ணாடி போடாமல் பேப்பர் படிப்பதுபோல. கோமேதகத்தில் ஒற்றைக் கோடுதான். கையில் வைத்தாலும் அதே அளவுச் சிர்கான் கனக்கும்.

"இருக்கிற தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு எதற்கு அந்நியச் சொல்?" என்று கேட்கிறார்கள். எது தமிழ்ச் சொல்? கோமேதகத்தில் 'கோ' பசு, 'மேதஸ்' கொழுப்பு. முழுக்க வடமொழி. பாரசீகத்தைத் துரத்த சமஸ்கிருதத்தைக் கூட்டிவருவதற்குத் தூய்மை என்று பெயர் வைத்தால் எப்படி? அதைவிட, சிர்கான் ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட், சிர்கான் என்று தாதுக்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள். காந்தம் கார்னெட்டை இழுக்கும், சிர்கானைத் தொடாது. காந்தத்துக்குத் தெரிந்த வித்தியாசம் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. தாது மணல் செய்தி போடும் நாளிதழ்கள் எத்தனையோ வருடமாகச் சிர்கான் என்றே எழுதுகின்றன. படிக்கிற எவரும் திணறவில்லை.

பெயரை மாற்றினால் விஷயமே கெட்டுப்போகிறது என்பதுதான் என் பெரிய கோபம். சிர்கான் படிகமாக உறையும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாகும். ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் எல்லாம் அங்கேயே பிறந்தது என்று வைத்து வயதைக் கணக்கிடலாம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும், அதாவது ஏறக்குறைய பூமியின் வயது. இந்தக் குணத்துக்காகத்தான் விஞ்ஞானிகள் சிர்கானைத் தேடி அலைகிறார்கள். கோமேதகம் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் இதை எப்படி விளக்குவது?

'பாறை' என்பது அடுத்த பிழை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்து 2001இல் அறிவிக்கப்பட்டது பாறை அல்ல, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துகள். அது அகப்பட்டிருந்த பாறைக்கு 300 கோடி ஆண்டுதான் இருக்கும். எங்கோ ஒரு பழைய பாறையில் பிறந்து, அந்தப் பாறை கரைந்து மணலாகி, ஆற்றில் உருண்டு, புதுப் பாறைக்குள் அடங்கிய துகள் அது. முழுப் பாறையில் மூத்தது என்றால் கனடாவின் அகாஸ்டா பாறையைச் சொல்வார்கள், 400 கோடி ஆண்டு. நாமோ மோதிரத்தில் இருப்பதையும் கல் என்கிறோம், மலையில் இருப்பதையும் கல் என்கிறோம், சிறுநீரகத்தில் இருப்பதையும் கல் என்கிறோம். இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: மணி. நெல்மணியும் மணிதான், நவமணியும் மணிதான். துகள், இரத்தினம் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. 'சிர்கான் மணி' என்று எழுதினால் தமிழாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும்.

எண்ணில் நடக்கும் கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 4.4 பில்லியன் என்றால் 440 கோடி. அந்தச் சிறுவர் நூலில் 44 கோடி என்று அச்சாகியிருந்தது. 44 கோடி ஆண்டுக்கு முன்பு கடலில் மீனே நீந்திக்கொண்டிருந்தது ஐயா! ஒரு சுழி போனால் பூமியின் கதையில் முக்காலுக்கும் மேல் போயிற்று.

மச்சானுக்குச் செய்தியைத் திருத்தி அனுப்பினேன்: "பூமியில் பிறந்தவற்றில் இதுவரை கிடைத்த மிகப் பழைய பொருள், ஜாக் ஹில்ஸில் எடுத்த ஒரு சிர்கான் மணி. வயது சுமார் 440 கோடி ஆண்டு."

பதில் உடனே வந்தது. "அப்ப என் மோதிரத்துல இருக்கறது எத்தன கோடி?"