வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வீட்டை முடிவு செய்யாதீர்கள்

வாடகை அக்ரிமென்ட் எழுதிக் கொடுப்பதும், வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸ் திரும்ப வரவில்லை என்று வந்து நிற்பவர்களுக்காக நோட்டீஸ் அனுப்புவதும்தான் என் தொழிலில் பெரும்பகுதி. இதில் இரண்டாவது வேலை குறைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெருநகரமும் இல்லாமல் சின்ன ஊரும் இல்லாமல் நடுவில் இருக்கிற நகரங்களில் வீடு தேடுவது தனி அனுபவம். காலியாகும் வீடுகள் குறைவு, அதிலும் பல இணையத்துக்கே வராது. காவலாளி, மேல் வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று வாய் வழியாகவே கை மாறிவிடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியோ கல்லூரியோ புதிதாக வந்தால் போதும், அந்தப் பக்கம் முழுக்க வாடகை ஏறிவிடும். அதனால் சுமாரான ஒரு வீடு கண்ணில் பட்டாலே, விட்டால் போய்விடும் என்று பதற்றம் வருகிறது. என்னிடம் வரும் தகராறுகளில் நிறைய, அந்தப் பதற்றத்தில் படிக்காமல் போட்ட கையெழுத்தில் ஆரம்பித்தவை.

சரி, முதலில் கட்டுப்படியாகுமா என்று பார்ப்போம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு வந்த கதை வேறு. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் குடும்பங்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் புரூக் திருத்தம் வந்தது. 1981-இல் அந்த 25, 30 ஆக உயர்ந்தது. மானிய வீட்டுக்குப் போட்ட உச்சவரம்பைத்தான் இன்று நாம் சந்தை வாடகைக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறோம். குறைந்த சம்பளக்காரருக்கு மிச்சம் 70 சதவீதத்தில் குடும்பம் ஓடாது, நிறைய வாங்குபவருக்கு 40 போனாலும் உறைக்காது. கணக்கை அடியிலிருந்து போடுங்கள்: கடன் தவணை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து, பெற்றோருக்கு அனுப்புவது, கொஞ்சமாவது சேமிப்பு, எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் வீட்டுக்கு.

வீட்டுக்கு என்றால் மெயின்டனன்ஸ், தண்ணீர், மின்சாரம், பார்க்கிங், இவற்றோடு வேலைக்குப் போய்வரும் செலவும் சேர்த்துத்தான். இந்த மாதிரி நகரங்களில் பஸ் ஒழுங்காக ஓடுவது சில தடங்களில் மட்டும். ஊர் ஓரத்தில் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு வீடு எடுத்து, வண்டித் தவணைக்கும் பெட்ரோலுக்கும் 12 கொடுப்பவரைவிட, நடந்து போகிற தூரத்தில் 33 கொடுப்பவர் கையில் காசு நிற்கும். நேரம் மிச்சமாவது தனி.

அட்வான்ஸைக் கடன் வாங்கிக் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு மாத வாடகை அட்வான்ஸ், அதை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வட்டி மட்டுமே மாத வாடகையில் 7 சதவீதம். அதாவது உங்கள் வாடகையே 7 சதவீதம் கூடுதல், அக்ரிமென்ட்டில்தான் அது தெரியாது. கூடுதல் வாடகைக்குக் குறைந்த அட்வான்ஸ் என்று பேரம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் தொகை அனுப்பாதீர்கள், "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும்" என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பார்க்கப் போனால் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்குப் பின்னால் ஓதம் இருக்கிறதா என்று அடியில் தடவிப் பாருங்கள்; உப்புப் பூத்திருந்தால் பொடி கையில் ஒட்டும். மின் மீட்டர் தனியா, பழைய பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இனி அக்ரிமென்ட். உள்ளே போகும்போது எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். வெளியே வருவது எப்படி என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. லாக்-இன் காலம், அதாவது நடுவில் அக்ரிமென்ட்டை முறிக்க முடியாத காலம், எவ்வளவு, அது வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துகிறதா, இல்லை உங்களை மட்டுமா? நோட்டீஸ் எத்தனை மாதம்? வருடா வருடம் 10 சதவீதம் ஏற்றம் என்றால் நான்காம் வருட வாடகை முதல் வருடத்தைவிட 33 சதவீதம் அதிகம், அப்போது உங்கள் சம்பளம் அதே அளவு ஏறியிருக்குமா? அட்வான்ஸ் "காலி செய்ததும் திருப்பித் தரப்படும்" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாவி ஒப்படைத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை, பிடித்தம் செய்தால் பில் காட்ட வேண்டும் என்ற இரண்டு வரியும் வேண்டும். பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது என்பதை வாய்ப்பேச்சாக விடவே விடாதீர்கள், அதிகச் சண்டை அதில்தான். வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதியில் பதிவு கட்டாயமா, அட்வான்ஸுக்கு உச்சவரம்பு உண்டா என்று உள்ளூர் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்க்குக்குக் கீழே மரப்பலகை உப்பிப் போயிருந்தது என்று அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு தம்பதிக்கு. நாங்கள் குடிபோனபோதே அப்படித்தான் இருந்தது என்றார்கள். ஆதாரம்? ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, குடிபோன வாரத்திலேயே அந்த அம்மா கசிகிற குழாயைப் போட்டோ எடுத்து பிளம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். குழாய்க்குப் பின்னால் உப்பிய பலகை, தேதியோடு. நோட்டீஸ் அனுப்ப வேண்டிய தேவையே வரவில்லை, அந்தப் போட்டோ போனதும் வீட்டுக்காரரின் பேச்சு மாறிவிட்டது. அந்தத் தம்பதிக்காவது அதிர்ஷ்டம் இருந்தது. நீங்கள் சாமான் இறக்குவதற்கு முன்னால் காலி வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பவர்களுக்கு ஒன்று. அக்ரிமென்ட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் முழு வாடகைக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் வரும், அட்வான்ஸும் அவர் கைக்குத்தான் திரும்பும். இருக்கும் எல்லோர் பெயரையும் போடுங்கள். நடுவில் ஒருவர் கிளம்பினால் அவர் பங்கு அட்வான்ஸை யார் கொடுப்பது, புதிதாக வருபவரா, இருப்பவர்களா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.