பகலில் மையம், இரவில் வீடு

மனச்சிதைவு நோய் என்றதும் காதில் கேட்கும் குரல்களும் காரணமில்லாத சந்தேகமும்தான் நம் நினைவுக்கு வரும். மருந்து இவற்றைப் பலருக்கும் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அதற்கு அப்புறமும் நோயாளி காலையில் எழுவதில்லை, குளிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. வீட்டில் அவரைச் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். அது சோம்பல் இல்லை, நோயேதான். மருந்துக்கு அவ்வளவாக மசியாத பகுதி இது. பகல்நேர சிகிச்சை மையத்துக்கு முக்கிய வேலை இங்கேதான் இருக்கிறது.

காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு இது. 1933-ல் மாஸ்கோவிலும், 1946-ல் மாண்ட்ரியாலிலும் லண்டனிலும் இப்படிப்பட்ட மருத்துவமனைகள் தொடங்கின.

சரி, பகலில் சில மணி நேரம் வந்து போவதால் என்ன ஆகிவிடும்? ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இங்கிலாந்தில் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கியிருந்த நோயாளிகளை 1960 முதல் 1968 வரை கவனித்தார்கள். தேறியவர்களிடம் மற்ற எதையும்விடத் தெளிவாகத் தெரிந்த மாற்றம் ஒன்று: சும்மா உட்கார்ந்திருந்த நேரம் குறைந்திருந்தது. செடிக்குத் தண்ணீர் விடுவது, கணக்கு எழுதுவது, நால்வரோடு பேசுவது என்று மையத்தில் நடப்பவை சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் காலையில் கிளம்ப ஒரு காரணம் கிடைத்தால் தூக்கமும் பசியும் மெல்ல நேரத்துக்கு வரும்.

இன்னொரு பலன் வீட்டில் தெரியும். ஓயாத கண்டிப்போ அளவுக்கு மீறிய கவலையோ நிறைந்த குடும்பங்களில் நோய் திரும்ப வருவது அதிகம். அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது என்று 1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். குடும்பத்தைக் குற்றம் சொல்ல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்ப்பவர்கள் களைத்துப்போகிறார்கள், களைப்பில் சொல் தடிக்கிறது. பகலில் சில மணி நேரம் பிரிந்திருந்தால் இரு தரப்புக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

மையத்தில் அடிக்கடி பார்க்கும் செவிலியருக்கு, நோயாளிக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, பேச்சு மாறுகிறது என்பது சீக்கிரமே பிடிபடும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பு குறைவு. மருந்தின் அளவை உடனே மாற்றினால், பல நேரங்களில் மருத்துவமனையில் சேர்க்காமலே சமாளித்துவிடலாம். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கு மட்டும் பகல்நேர மையம் போதாது. அவருக்கு இரவிலும் காவல் வேண்டும்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து டிவி போட்டுவிடும் இடத்தை மையம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேரும்போதே, எந்த வேலைக்குத் திரும்ப விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். சமையலா, படிப்பா, பழைய வேலையா? அதற்கு ஏற்றபடிதான் பயிற்சி. அந்த வேலை கைகூடத் தொடங்கியதும், மையத்துக்கு வரும் நாட்கள் ஐந்திலிருந்து மூன்றாகி, ஒன்றாகும்.