கண்வலிக்கிழங்கு: வாந்தி நின்றதும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்

மறுபடியும் அதே வரிசைதான். மதியம் கிழங்கு தின்றவருக்குச் சாயங்காலம் வாந்தி, பேதி. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். மறுநாள் "தெளிஞ்சிட்டாருங்க" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் பிரியாமல், மூச்சு வாங்க, எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள்.

பழனி மலை அடிவார ஒட்டன்சத்திரம் தொடங்கி மூலனூர் வரை, கண்வலிக்கிழங்கைப் பந்தல் போட்டு வளர்க்கிறோம். மாநில மலரான செங்காந்தள்தான் இது. வேலியோரம் தானாகவும் ஏறிப் பூத்திருக்கும். இதன் விதையிலிருந்துதான் கொல்சிசின் எடுக்கிறார்கள் என்பதால் "மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்ற தைரியம் பலருக்கு. கவுட் மூட்டுவலிக்கு நாங்கள் எழுதித் தரும் கொல்சிசின் மாத்திரை ஒவ்வொன்றிலும் இருப்பது அரை மில்லிகிராம்தான். பச்சைக் கிழங்கு 10 கிராமில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கும். நடவுக்கு எடுக்கும் 50 கிராம் கிழங்கைக் கணக்குப் போட்டால் 60 மாத்திரை! வேகவைத்தாலும் இது அழியாது. மோரில் ஊறவைத்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சித்த மருத்துவத்தில் சுத்தி என்று நஞ்சைக் குறைக்கும் முறை இருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளவறிந்து தருவது வேறு. வீடியோ பார்த்து அடுப்படியில் செய்வது வேறு.

இப்போது முக்கியமான விஷயம். "எல்லாம் வாந்தியிலயும் பேதியிலயும் போயிருச்சு" என்கிறீர்களே, அது தவறு. தின்ற சில மணி நேரத்தில், சிலருக்கு அரை நாள் கழித்து, தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, வாந்தி, தண்ணீராகப் பேதி வரும். அது முதல் கட்டம். பிறகு கொஞ்சம் அடங்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அதற்குள் விஷம் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போயிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியலாம், சிறுநீரகம் படுக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். டயாலிசிஸ் செய்தும் இதை வெளியே எடுக்க முடியாது. முறிவு மருந்தும் நம் மருத்துவமனைகளில் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிய விடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதற்கு ஆள் எங்கள் கண்முன் இருக்க வேண்டாமா? பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும்.

இளம் மருத்துவர்களுக்கு: முதல் நாள் வெள்ளையணு எண்ணிக்கை ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துத் தொற்று என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். அடுத்தடுத்த நாள்களில்தான் அது கீழே விழும். தினமும் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

கிழங்கு எப்படி வாய்க்குப் போகிறது? பெரும்பாலும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து. இலை இருக்கும்போது குழப்பமே வரக்கூடாது. கண்வலி இலையின் நுனி நீண்டு, சுருண்டு, கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்கும். வள்ளிக்கொடியில் தண்டுதான் சுற்றும். இலை நுனி சுருளாது. காய் பறித்த பிறகு கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். அப்போது அடையாளம் சொல்ல இலை இருக்காது. இரண்டு கிளையாகக் கலப்பை மாதிரி பிரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆனால் ஒரு கிளை ஒடிந்தால் வள்ளிக்கிழங்கு போலவே தெரியும். தெரியாத கிழங்கைத் தோண்டிச் சுடாதீர்கள்.

ஆனி, ஆடியில் நட்டது போக மிஞ்சும் விதைக்கிழங்கை வெங்காயச் சாக்கோடு சேர்த்துப் போடாதீர்கள். விதைக்கிழங்கில் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்திருக்கும். தனிச் சாக்கில் பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். குருத்து முனையில் மட்டும்தான் இருக்கிறது. அது ஒடிந்த கிழங்கு முளைக்காது என்று தோட்டத்திலேயே எறிகிறீர்களே, ஆடு தின்றாலும் விஷம்தான். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். காய் வெடித்துக் களத்தில் காயும்போது ஆரஞ்சு நிற விதை பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாயாகத் தெரியும்; ஆள் வைத்துக் காயவையுங்கள். காலையில் கையால் மகரந்தம் சேர்க்கும் பெண்களும், விதை உடைப்பவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு, பிரசவம் சுலபமாகும் என்று அரைத்துப் பூசுவதை இத்தோடு நிறுத்துங்கள், தாயே.

யாராவது தின்றுவிட்டால் உப்புக் கரைசலோ புளித்தண்ணீரோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையோ கொடியின் படத்தையோ கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவர் சொல்லும்வரை டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். எங்களிடம் வருபவர்கள் எல்லாரும் தெரியாமல் தின்றவர்கள் அல்ல. வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் இந்தக் கிழங்கையும் விதையையும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 104-க்குப் போன் செய்தால் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.