வளைத்த இடத்தில் நிற்கும் கால்கள்

கையடக்கமான காம்பாக்ட் கேமராவுக்கு வளையும் கால்கள் கொண்ட ட்ரைபாட் (முக்காலி) ஏன் வேண்டும், அது எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, மிகச் சின்னது. பெரும்பாலான மாடல்களில் அகலம் சுமார் 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6. பழைய ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான் இது. பகல் வெளிச்சத்தில் இந்தக் குறை தெரியாது. விளக்கு வைத்த பிறகு தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 1600 வரை ஏற்றும்; படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கினால் படம் சுத்தமாக வரும், ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் 16 மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். 1/15 நொடியில் முடிந்த படத்துக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் கை அசையாமல் கேமராவைப் பிடிப்பது நடக்காத காரியம்.

அதற்குத்தான் ட்ரைபாட். ஆனால் இருநூறு கிராம் கேமராவுக்காக ஒன்றரைக் கிலோ ட்ரைபாடைச் சுமந்துகொண்டு அலைந்தால், சின்ன கேமரா வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். இந்த இடத்தில்தான் 2006இல் ஜோபி நிறுவனத்தின் கொரில்லாபாட் வந்தது. உருண்டைகளைக் கோத்துச் செய்த மூன்று கால்கள், எந்தப் பக்கமும் வளையும், கம்பியிலும் மரக்கிளையிலும் சுற்றிக்கொள்ளும். காம்பாக்ட் கேமராவுக்கென வந்த சின்ன மாடல் ஐம்பது கிராம்கூட இருக்காது. இப்போது அதே மாதிரி செய்யும் கம்பெனிகளுக்குக் கணக்கில்லை.

வளைவதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஈயக் கம்பிகூட வளையும். கேமராவின் எடையையும் தாங்கிக்கொண்டு வளைத்த இடத்திலேயே நிற்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது உராய்வு.

காலில் ஒரு கணுவைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு முனையில் உருண்டை, மறுமுனையில் கிண்ணம். நம் தோளிலும் இடுப்பிலும் இருக்கும் பந்துக்கிண்ண மூட்டேதான். ஆனால் உடம்பில் அது வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இங்கே இறுகிப் பிடிக்க வேண்டும். கிண்ணத்தின் வாய் உருண்டையை விடக் கொஞ்சம் குறுகல். அழுத்தி உள்ளே தள்ளும்போது பிளாஸ்டிக் சற்று விரிந்து கொடுத்து, பிறகு பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். திரும்ப முடியாமல் உருண்டையை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். அந்த நெருக்கல்தான் உராய்வைத் தருகிறது. அதை மீறித் திருப்பினால் மட்டும் மூட்டு நகரும். கையை எடுத்ததும் நின்றுவிடும்.

உருண்டையின் அளவுக்கு இங்கே பெரிய பங்கு உண்டு. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் உரசும் பரப்பு நான்கு மடங்காகும். உராய்வு மையத்திலிருந்து இருமடங்கு தூரத்தில் வேலை செய்யும். அதே அழுத்தத்தில் மூட்டின் பிடி எட்டு மடங்கு கூடிவிடும். பெரிய கேமராவுக்கான மாடல்கள் கொழுகொழுவென்று இருப்பது இதனால்தான். சின்ன மாடலில் பெரிய எஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த கனமான கேமரா) மாட்டிவிட்டு, நிற்கவில்லையே என்று திட்டுவதில் நியாயமில்லை.

சரி, தரையில் நிறுத்துகிறோம். எந்த மூட்டுக்கு அதிகக் கஷ்டம்? கீழே இருப்பதற்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் கேமராவுக்கு அடியில், தலையை ஒட்டியிருக்கும் முதல் மூட்டுக்குத்தான். 240 கிராம் கேமரா என்றால் காலுக்கு 80 கிராம். பாதம் நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஊன்றியிருந்தால், தரை கொடுக்கும் எதிர்விசை அந்த 8 செ.மீ. தூரத்திலிருந்து மேல் மூட்டை விரித்துவிடப் பார்க்கும். தூரம் கூடக்கூட அந்தத் திருப்புத்திறனும் கூடும். ஆனால் தரை சொரசொரப்பாக இருந்தால் பாதத்தின் ரப்பர் வெளியே சறுக்காமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி காலை உள்நோக்கித் தள்ளி, மேல் மூட்டின் சுமையில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். வழவழப்பான டைல்ஸில் இந்த உதவி கிடைக்காது. திண்ணையில் ஜம்மென்று நின்ற அதே ட்ரைபாட் டைல்ஸ் தரையில் மெல்ல மெல்லக் காலை அகட்டிக்கொண்டு படுப்பது இதனால்தான். அடியில் ஒரு கைக்குட்டையை விரித்துப் பாருங்கள், நிற்கும்.

கவிழ்வது வேறு சங்கதி. கேமராவின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு மூன்று பாதங்களும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும். காம்பாக்டில் திருகு மாட்டும் துளை பல மாடல்களில் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். பேட்டரி, லென்ஸ் எல்லாம் உள்ளே இடத்தை அடைத்துக்கொள்வதால் மிச்சம் கிடைத்த மூலையில் வைத்திருப்பார்கள். அப்புறம் ஜூம் செய்தால் லென்ஸ் முன்னால் நீண்டு எடையும் முன்னுக்கு நகரும். ஆகவே ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையிலேயே நீட்டி வையுங்கள். இரண்டு கால் முன்னால், ஒன்று பின்னால் என்று வைப்பதும் நடக்கும்தான், ஆனால் கனமான பக்கம் எதுவோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் போதும், தொபுக்கென்று விழும்.

இந்தச் சாதனத்தின் உண்மையான அழகு கம்பியில் சுற்றும்போது தெரியும். துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கலாம். சுற்றும் கோணம் ஏற ஏற உராய்வின் பிடி அடுக்கடுக்காகப் பெருகும். உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.5 என்று வைத்தால், அரைச் சுற்றில் நுனியில் பிடிக்கும் விசையைப்போல் சுமார் 5 மடங்கைத் தாங்கலாம். முழுச் சுற்றில் 23 மடங்கு. ஒன்றரைச் சுற்றில் 110க்கும் மேல்.

ஆனால் கயிற்றின் நுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ட்ரைபாட் காலின் நுனியை யார் பிடிப்பது? அங்கே மறுபடி அந்தப் பந்துக்கிண்ண மூட்டுதான் வருகிறது. சுற்றிய வடிவத்திலிருந்து விரிய மாட்டேன் என்று அது அடம்பிடிப்பதே நுனியைப் பிடித்திருக்கும் கைக்குச் சமம். கணுக்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் கம்பியோடு உரசலைக் கூட்டும். கால் கம்பியைத் தொடுவது அங்கங்கே மட்டும்தான் என்பதால் கயிற்றுக் கணக்கு அப்படியே செல்லாது. இருந்தாலும் அரைச் சுற்றுக்கும் முழுச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். 15 செ.மீ. நீளக் காலுக்கு 4 செ.மீ. விட்டமுள்ள படிக்கட்டுக் கைப்பிடி அருமையாகப் பொருந்தும். அதன் சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ. என்பதால், காலின் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வரும். பென்சில் கனத்துக் கம்பியில் கணுக்கள் அவ்வளவு சின்ன வளைவுக்கு மடங்காது. தென்னை மரத்திலோ கால் பாதிக்கூடச் சுற்றாது.

நிற்கும் கம்பத்தில் கட்டுவதற்கும் ஒரு வழி உண்டு. கேமரா கம்பத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி நிற்கிறது, எடை 250 கிராம் என்று வைப்போம். அது முன்னால் குனியப் பார்க்கும்: மேலே இருக்கும் கால் வெளியே இழுபடும், கீழே இருக்கும் கால் கம்பத்தோடு அழுந்தும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 6 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால் மேல் கால் தாங்க வேண்டிய இழுப்பு 250 கிராம் எடைக்குச் சமம். வித்தியாசம் 3 செ.மீ.தான் என்றால் 500 கிராம். ஆகவே இரண்டு கால்களை மேலே நன்றாகச் சுற்றிவிட்டு, மூன்றாவதைக் கீழே கம்பத்தில் முட்டுக்கொடுப்பதுதான் சரி. மூன்றையும் ஒரே இடத்தில் சுற்றி முறுக்குவது பார்க்கப் பலமாகத் தெரிந்தாலும் தலை தொங்கிவிடும்.

இனி அசைவு. இத்தனை மூட்டுகள் தொடராக இருப்பதால் ஒவ்வொன்றின் சின்ன நெகிழ்வும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பட்டனை அழுத்தினாலே கேமரா கிடுகிடுவென ஆடும். எவ்வளவு ஆட்டம் படத்தைக் கெடுக்கும் என்பது ஜூமைப் பொறுத்தது. அகலம் 4000 பிக்சல் உள்ள படத்தில், ஜூம் செய்யாத நிலையில் 0.02 டிகிரி ஆட்டம் ஏறக்குறைய ஒரு பிக்சல்தான், கண்ணுக்கே தெரியாது. 10 மடங்கு ஜூம் செய்தால் அதே ஆட்டம் பத்துப் பிக்சலை இழுத்துவிடும். அதனால் இந்தக் கால்களில் ஜூம் செய்யாத காட்சிகளே நன்றாக வரும். பட்டனை அழுத்தி இரண்டு நொடி கழித்துப் படம் எடுக்கும் டைமர் கேமராவிலேயே இருக்கும், அதைப் போடுங்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடுவதால் பெரும்பாலும் அந்த இரண்டு நொடியே போதும். காம்பாக்டில் எஸ்எல்ஆரைப்போலத் தூக்கியடிக்கும் கண்ணாடி கிடையாது, பல மாடல்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய இதழ்கள்தான். விரலை எடுத்துவிட்டால் கேமரா தன்னைத்தானே ஆட்டிக்கொள்வது மிகக் குறைவு. லாரி போகும் பாலத்தின் கைப்பிடியில் கட்டினால் மட்டும் எந்த டைமரும் காப்பாற்றாது. பாலத்தின் நடுக்கம் அப்படியே படத்தில் இறங்கும்.

ஃபிரேம் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்ததும் கேமரா ஒரு நூல் கீழே இறங்குவது இயல்பு. மூட்டுகளின் நெகிழ்வு எடைக்கு ஏற்றபடி அமைந்துகொள்கிறது. அந்த ஒரு நூலைக் கணக்குப் பண்ணிக் கொஞ்சம் மேலே வைத்து விடுங்கள்.

மூட்டுகளுக்கு எண்ணெய் போடக் கூடாது. இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சொட்டு விட்டால் உராய்வு போயிற்று, ட்ரைபாடும் போயிற்று. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைப்பதும் ஆகாது: சூட்டில் பிளாஸ்டிக் இளகி, விரிந்த கிண்ணம் விரிந்தபடியே பழகிவிடும், நெருக்கல் குறையும். நிறைய நாள் உழைத்து மூட்டுகள் தளர்ந்த ட்ரைபாடை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. கால்களின் கீழ்ப் பாதியை மேல் நோக்கி மடித்து, உயரத்தைப் பாதியாக்கி, பாதங்களையும் நெருக்கி வைத்தால் மேல் மூட்டுக்கு வரும் திருப்புத்திறன் குறையும். எடை குறைந்த கேமராவை அது இன்னும் தாங்கக்கூடும்.