பல்வகைமையா, பன்முகத்தன்மையா?

படிவங்களையும் சேவைகளையும் வடிவமைக்கும் அரச குழுக்களுக்குச் செயலமர்வு என்றால் பதாகையில் ‘பன்முகத்தன்மையை மேம்படுத்தல்’ என்ற வரி வந்துவிடுகிறது. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, அந்த வரியை அப்படியே விடக்கூடாது. அங்கே நிற்கவேண்டிய சொல் பல்வகைமை.

இரண்டு சொல்லும் ‘டைவர்சிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக வழங்குபவை. அது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வெவ்வேறு பக்கம் திரும்பியிருத்தல் அதன் அடிப்பொருள். பல் + வகை + மை, பல்வகைமை. பல் + முகம் என்பதில் மகரத்துக்கு முன் லகரம் னகரமாகிப் பன்முகம். சொற்பிறப்பில் இதற்குமேல் ஒன்றுமில்லை. மொழித் தூய்மை பற்றிய வாதமும் இல்லை. வாதம் பொருள் பற்றியதுதான்.

முகம் பலவானாலும் ஆள் ஒருவர்தான். ஆடவும் பாடவும் மத்தளம் அடிக்கவும் தெரிந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பன்முக ஆளுமை என்கிறோம், சரி. ஆனால் வடமோடி, தென்மோடி, மகிடி, வசந்தன், பறைமேளக்கூத்து எல்லாம் ஒரே மாவட்டத்தில் ஆடப்படுவது கூத்தின் பல்வகைமை. முன்னது ஒன்றன் பல பக்கம். பின்னது பல வகை ஓரிடத்தில் இருத்தல். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உயிர்ப்பல்வகைமை என்று படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. பெரியவனாகி உத்தியோகத்துக்கு வந்ததும் வேறு சொல்லை ஏன் அவன் கையில் திணிக்க வேண்டும்?

இலங்கையில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ‘பன்முகப்படுத்தப்பட்ட நிதி’ என்றால் பாராளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வீதி போட, வாசிகசாலைக்குக் கதிரை வாங்க ஒதுக்கும் பணம். அங்கே பன்முகம் என்பது பரவலாக்கம். பிரதேச செயலகத்தில் நாள்தோறும் அந்தக் கோப்பைப் புரட்டும் உத்தியோகத்தருக்கு முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். மொழிபெயர்ப்பவர் அகராதியை மட்டும் பார்க்கிறார், அந்த மேசையைப் பார்ப்பதில்லை.

பிழையான சொல் பிழையான வேலையைச் செய்விக்கும். பன்முகத்தன்மை என்று படித்தவர், இருக்கிற உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் நாலு திறன் பழக்குவோம் என்று தொடங்குகிறார். அது திறன் விருத்தி. தேவையானதுதான், ஆனால் வேறு சங்கதி. அரச சேவைகளை எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்லும் பிரித்தானிய அரசின் சேவைத் தரம் 2019 முதல் 14 அம்சங்கள் கொண்டது. அதில் 5ஆவது, எல்லோரும் சேவையைப் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது. 6ஆவது, குழு பல துறையாரைக் கொண்டிருக்க வேண்டும் என்பது. பின்னதற்குத் தமிழ் ‘பல்துறைக் குழு’. ஆய்வாளர், எழுதுபவர், வரைபவர், கணினி நிரலர் நால்வரும் ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே வயது என்றால் துறை நாலு, வகை ஒன்றே.

அந்த ஒரு வகை எங்கே இடறும் என்பதை ஒரு படிவத்தில் காணலாம். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு பெட்டி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரும்பாலும் தகப்பன் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் தகப்பன் பெயரை எழுதுவார், ஒருவர் முதலெழுத்தை, ஒருவர் வெறுமையாக விடுவார். பிறகு அடையாள அட்டையோடு ஒப்பிட்டால் பொருந்தாது. அடுத்த பெட்டி ‘வீட்டு இலக்கம், வீதி’. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமத்தில் வீதிப் பெயரே இல்லாத வீட்டுக்காரர் பேனையை நிறுத்திவிடுவார். அச்சுக்குப் போகுமுன் ஐந்து பேரிடம், ஒருவர் ஒருவராக, விளக்கம் சொல்லாமல் கொடுத்து, பேனை நிற்கும் இடத்தைக் குறித்தாலே இவை வெளிப்படும். அந்த ஐவரும் ஒரே அலுவலகத்தார் என்றால் ஒன்றும் வெளிப்படாது. சிங்களத்தில் முடித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒட்டும்போது வரி நீண்டு பெட்டிக்குள் அடங்காமல் போவதும், குழுவில் தமிழில் எழுதுபவர் இல்லாததன் விளைவே.

கூடவே ‘வடிவமைப்பாளர் சமூகம்’ என்பதையும் மாற்ற வேண்டும். கல்முனையில் சமூகம் என்றால் தமிழ்ச் சமூகம், முஸ்லிம் சமூகம் என்றுதான் காதில் விழும். மாதம் ஒருமுறை கூடி ஒருவர் படிவத்தை மற்றவர் திருத்தும் கூட்டத்துக்கு, வாசகர் வட்டம் போல, ‘வடிவமைப்பாளர் வட்டம்’ போதும்.

பதாகை அடிப்பவர்கள் இப்படி எழுதலாம்: ‘வடிவமைப்புக் குழுக்களில் பல்வகையினரைச் சேர்த்தல்’. பெயர்ச்சொல்லே வேண்டுமென்றால் ‘குழுப் பல்வகைமை’.